இளம்பெண்களின் சூலகக் கட்டி: ஸ்கான் றிப்போட் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது?

உப்புவெளி:
திருகோணமலையில் ஸ்கான் எடுப்பது இப்போது பெரிய காரியமில்லை. றிப்போட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். பதினாலு வயதுப் பிள்ளையின் 4 சென்ரிமீற்றர் நீர்க்கட்டிக்கு “உடனே வெட்டி எடுங்கோ” என்று தாய்மார் நிற்கிறார்கள். அதே ஊரில் தொப்புள் வரை வயிறு பொருமிய பிள்ளையை “ஏ.எல். முடியட்டும்” என்று வீட்டில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், திடீரென்று வலித்து வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு காஸ்ரிக் மருந்து கொடுத்து விடியும்வரை பார்க்கிறார்கள்.

குடும்பநல உத்தியோகத்தர்களும் பாடசாலைச் சுகாதார ஆசிரியர்களும் வாசிப்பதற்காகக் கேட்கிறேன். 12 முதல் 24 வயது வரை, எதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், எதை அன்றைக்கே அனுப்ப வேண்டும், ஒப்பரேஷனுக்கு முன் எந்த இரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்? “வைத்தியரை நாடவும்” என்று மட்டும் பதில் போட வேண்டாம். நாடிய பிறகு நடப்பதுதான் கேள்வி.

ஸ்கான்_அறை:
முதலில், பயப்படத் தேவையில்லாத இரண்டைக் கழித்துவிடுவோம்.

ஒன்று, பிசிஓஎஸ் என்ற ஹோர்மோன் கோளாறு. 2 முதல் 9 மில்லிமீற்றர் அளவில் நிறைய முட்டைப்பைகள் தெரிந்தால் அது கட்டியே அல்ல. பெரியபிள்ளையாகி 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கானை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்பதே சர்வதேச வழிகாட்டல். இளம் சூலகம் இயல்பாகவே அப்படித்தான் தெரியும். இரண்டு, மாதாமாதம் வந்துபோகும் நீர்க்கட்டி. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், ஒரே அறை. 5 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் பெரும்பாலும் தானாகவே போய்விடும். 8 முதல் 12 கிழமைக்குள், மாதவிடாய் முடிந்த கையோடு மறுபடி ஸ்கான் எடுத்தால் போதும். கட்டியைக் கரைக்க என்று கருத்தடைக் குளிசை கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குளிசை குடித்தவர்களிலும் குடிக்காதவர்களிலும் கட்டி கரைகிற வேகம் ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

இனி ஸ்கான். மணமாகாத பிள்ளைகளுக்கு வயிற்றின் மேலாகத்தான் பார்க்க முடியும். அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு முன் நாலைந்து கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வெறும் பையோடு வந்தால் குடல் காற்றுத்தான் தெரியும், “சூலகம் தெளிவாகத் தெரியவில்லை” என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதை “ஒன்றுமில்லை” என்று வாசிக்காதீர்கள்.

இதற்கு எதிர்மாறான தவறு இன்னும் மோசம். வயிறு முழுக்க அடைத்திருக்கும் பெரிய நீர்க்கட்டியை நிறைந்த மூத்திரப்பை என்றோ வயிற்று நீர் என்றோ எடுத்துவிடுவது. சந்தேகம் இருந்தால் பிள்ளையை மூத்திரம் கழிக்கச் சொல்லி மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். வயிற்று நீரானால் குடல் அதில் மிதக்கும். கட்டியானால் குடல் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கும். இதைப் பார்க்காமல் நீர் எடுக்க ஊசி குத்தினால், உள்ளே இருப்பது புற்றாக இருந்தால் வயிறெங்கும் கசியும்.

கொட்டியாரக்குடா:
5 சென்ரிமீற்றருக்கு மேலே?

ஸ்கான்_அறை:
அளவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 5 முதல் 7 வரை எளிய நீர்க்கட்டி என்றால் தொடர்ந்து பார்க்கலாம். 7ஐத் தாண்டினால் எம்.ஆர்.ஐ. அல்லது ஒப்பரேஷன் பற்றி யோசிப்பார்கள். இவை வளர்ந்த பெண்களுக்கென்று பிரித்தானிய மகப்பேற்று, பெண்நோயியல் கல்லூரி வகுத்த எல்லைகள். பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ இவைதான் கையாளப்படுகின்றன. ஆனால் 3 சென்ரிமீற்றர் என்றாலும் திண்மமாக இருந்தால் விடக்கூடாது.

றிப்போட்டில் இவை இருக்கிறதா என்று பாருங்கள்: எந்தப் பக்கம், மூன்று திசையிலும் அளவு, திண்மப் பகுதி உண்டா, எத்தனை அறை, இரத்த ஓட்டம், மற்றச் சூலகம் எப்படி, வயிற்றில் நீர், சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா. “கொம்ப்ளெக்ஸ் சிஸ்ட்” என்ற இரண்டு சொல்லோடு ஒரு றிப்போட் வந்தால் அது றிப்போட் இல்லை. ஒழுங்கற்ற திண்மக் கட்டி, வயிற்று நீர், 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட திண்மம் கலந்த பல அறைக் கட்டி, மிகையான இரத்த ஓட்டம் ஆகியவை கெட்ட அறிகுறிகள். ஒலி நிழல் விழுகிற, கொழுப்பும் முடியும் கொண்ட டெர்மொயிட் நல்ல பக்கம். இந்த வயதில் உண்மையான கட்டிகளில் அதுதான் மிக அதிகம். நூற்றில் பத்துப் பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். ஆகையால் மற்றப் பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று. இன்னும் பெரியபிள்ளையாகாத, ஆனால் மாதாமாதம் அடிவயிறு வலிக்கிற பிள்ளைக்கு நடுவில் வீக்கம் இருந்தால், சூலகத்தைத் தேடுவதற்கு முன் கன்னிச்சவ்வு அடைபட்டிருக்கிறதா என்று வெளியே பார்க்க வேண்டும். இரத்தம் தேங்கி நிற்கும். சிறிய கீறலோடு முடிகிற விசயத்துக்கு வயிறு கிழிக்க வேண்டியதில்லை.

ஆய்வுகூடம்2:
என் பங்குக்கு ஒன்றை அடித்துச் சொல்கிறேன்: இரத்தம் கத்திக்கு முன். திண்மமோ கலப்போ உள்ள எந்தக் கட்டிக்கும், வயது 40க்குக் கீழே என்றால் ஏ.எப்.பி., பீற்றா எச்.சி.ஜி. (கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் அதே ஹோர்மோன்), எல்.டி.எச். என்ற மூன்று இரத்தப் பரிசோதனையும் ஒப்பரேஷனுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வயதில் வரும் புற்றுக்கட்டிகளில் பெரும்பங்கு முட்டைக் கலங்களில் இருந்து தோன்றுபவை. அவை இரத்தத்தில் தடம் விடும். அவற்றின் வகைகளில், மஞ்சட்கருப் பைக் கட்டிக்கு (யோக் சாக்) ஏ.எப்.பி., கோரியோகார்சினோமாவுக்கு எச்.சி.ஜி., டிஸ்ஜெர்மினோமாவுக்கு எல்.டி.எச். கட்டியை எடுத்த பிறகு இரத்தம் எடுத்தால் தொடக்க எண் எது என்று ஒருபோதும் தெரியாது. பிறகு ஆறு மாதம் கழித்து எண் ஏறினாலும் எதோடு ஒப்பிடுவது?

உடல் வழமைக்கு மாறாக முந்திப் பூப்படைந்தாலோ, முகத்தில் முடி, குரல் கனத்தல், மாதவிடாய் நின்றுபோதல் இருந்தாலோ ஹோர்மோன் சுரக்கும் கட்டியை நினைத்து இன்ஹிபின், ஈஸ்ட்ரடியோல், டெஸ்டோஸ்டெரோன் சேர்க்க வேண்டும். இரத்தக் கல்சியமும் பாருங்கள். இருபதுகளில் வரும் அரிதான, மிகக் கொடிய சிறுகலப் புற்று ஒன்று கல்சியத்தை ஏற்றிக் காட்டும்.

எல்.டி.எச். பற்றி ஒரு எச்சரிக்கை. மெல்லிய ஊசியால் இழுத்து, சிரிஞ்சை அழுத்திக் குழாயில் தள்ளினால் செங்கலம் உடையும், எண் பொய்யாக ஏறும். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ குலுங்கி வருகிற மாதிரியும் அப்படித்தான். சீரம் சிவப்பாக இருந்தால் திரும்ப எடுங்கள். எச்.சி.ஜி. மிக அதிகமாக இருக்கும்போது இயந்திரம் ஏமாந்து குறைவாகக் காட்டுவதும் உண்டு. ஸ்கானோடு பொருந்தாவிட்டால் ஐதாக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடி கொட்டுதென்று அதிக அளவில் பயோட்டின் குளிசை எடுக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் அது முடிவைக் கெடுக்கும்.

கிண்ணியா_வாசகன்:
எங்கட பக்கம் தனியார் லாப்பில எல்லாருக்கும் சி.ஏ. 125 எண்ட புற்று இரத்தப் பரிசோதனையத்தான் எழுதுறாங்க. 35ஐத் தாண்டினால் “கென்சர்” எண்டு வீட்டுல ஒப்பாரி. அதோட இன்னொரு சங்கடம்: எச்.சி.ஜி. பொசிட்டிவ் வந்தால் பிள்ளைட மானம் போச்செண்டு வாப்பாமார் குதிக்கிறாங்க. இதுக்கு என்ன சொல்றது நானா?

ஆய்வுகூடம்2:
சி.ஏ. 125 மாதவிடாய் நாளில் ஏறும், எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் நோய்) ஏறும், இடுப்புத் தொற்றில் ஏறும், வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறும். வயிற்று நீர், மெலிவு, பின்னேரக் காய்ச்சல், உயர்ந்த சி.ஏ. 125 எல்லாம் சேர்ந்த பிள்ளைக்குப் புற்று என்று முடிவுகட்டி கருப்பை வரை எடுத்தபிறகு அது காசநோய் என்று வந்த கதைகள் மருத்துவ இதழ்களில் ஏராளம். எளிய நீர்க்கட்டிக்கு இந்தப் பரிசோதனை தேவையே இல்லை. காசைச் சேமியுங்கள்.

எச்.சி.ஜி. விசயத்தை முதலிலேயே விளக்கிவிட வேண்டும். கர்ப்பம் இல்லாமலே சில கட்டிகள் இதைச் சுரக்கும். அதே நேரம் கர்ப்பத்தையும், குழாயில் தங்கிய கர்ப்பத்தையும் சோதிக்காமல் விடவும் கூடாது. பிள்ளையோடு தனியாக, பெண் ஊழியர் ஒருவர் பேச வேண்டும். முடிவு கருப்பை ஸ்கானோடு சேர்த்து வாசிக்கப்படும்வரை வீட்டாருக்கு ஒற்றைச் சொல்லில் “பொசிட்டிவ்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். கட்டிச் சந்தேகம் இருப்பதால் எடுக்கப்படுகிறது என்று இரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

ஏழாம்_வாட்டு:
வலி பற்றி நான் எழுதுறன், ஏனெண்டால் நேரம் போகிறது இதிலதான்.

சூலகம் முறுக்கிறது. கட்டியோட கனத்த சூலகம் தன்ர காம்பில சுழண்டு இரத்த ஓட்டத்தை நெரிக்கும். திடீர் வலி, ஒரு பக்கம், வாந்தி. வலி விட்டு விட்டும் வரலாம். முறுக்கு தானாக விரிஞ்சு திரும்ப முறுக்கும். “இப்ப நல்லா இருக்கு” எண்டு வீட்ட திரும்பிப் போகிறது இந்த இடைவெளியிலதான். வலது பக்கம் கூடுதலாக வரும், அதால அப்பெண்டிக்ஸ் எண்டு எழுதப்படும். டொப்ளர் ஸ்கானில இரத்த ஓட்டம் தெரிஞ்சாலும் முறுக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது. சூலகத்துக்கு இரண்டு வழியால இரத்தம் வரும், முதல்ல நெரிபடுகிறது நாளம்.

மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைக்கு முதலில வந்தாலும் பிழையில்லை. ஆனால் அங்க ஒரு இராத்திரி “ஒப்சர்வேஷன்” போட்டு வைக்கிற நோயில்லை இது. வீ.ஓ.ஜி. (மகப்பேற்று, பெண்நோயியல் விசேட வைத்தியர்) இருக்கிற இடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லி அன்றைக்கே அனுப்ப வேணும். வழியில சாப்பாடு, தேத்தண்ணி, ஒண்டும் குடுக்க வேண்டாம். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது எண்டு துண்டில எழுதிவிடுங்கோ, மயக்க மருந்து டொக்டர் முதலில கேட்கிறது அதைத்தான்.

உள்ள திறந்து பார்க்கேக்க சூலகம் கறுத்து நீலமாய் இருக்கும். அழுகிப்போச்செண்டு வெட்டி எறியிறது பழைய பழக்கம். இப்ப முறுக்கை விரிச்சு விட்டுடுவினம். கறுப்பாய்த் தெரிஞ்ச சூலகம் பிறகு முட்டை உருவாக்கினதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கினம். அமெரிக்க மகப்பேற்றுக் கல்லூரி 2019இல இதைத் தெளிவாகவே எழுதியிருக்கு. விரிச்சால் இரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போகும் எண்ட பயத்துக்கு ஆதாரம் இல்லை.

உப்புவெளி:
பெற்றோர் கையெழுத்துப் போடும்போது எதைக் கேட்டு வைத்திருக்க வேண்டும்?

கத்தியும்_நூலும்:
மூன்று கேள்வி. கட்டியை மட்டும் உரித்தெடுக்கப் போகிறீர்களா, சூலகத்தோடு எடுக்கப் போகிறீர்களா? மற்றச் சூலகத்தையும் கருப்பையையும் தொடாமல் விடுவீர்களா? உள்ளே எதிர்பாராதது இருந்தால் என்ன செய்வீர்கள்?

டெர்மொயிட் போன்ற நல்ல கட்டி என்றால் உரித்தெடுத்து, மிச்சச் சூலகத்தைக் காப்பது. மெல்லிய நாடாவாக எஞ்சினாலும் அது வேலை செய்யும். லப்பரஸ்கொப்பியில் செய்யலாம், ஆனால் பைக்குள் போட்டு எடுக்க வேண்டும். டெர்மொயிட்டின் கொழுப்பு சிந்தினால் வயிற்று உறை வீங்கும். சிந்திவிட்டால் இளஞ்சூட்டு சேலைனால் லீற்றர் கணக்கில் கழுவ வேண்டும்.

புற்றுச் சந்தேகம் என்றால் கணக்கு வேறு. உரிக்கவோ குத்தி உறிஞ்சவோ கூடாது. அந்தப் பக்கச் சூலகத்தை உடையாமல் முழுதாக எடுப்பது. உடைந்தால் 1ஏ கட்டத்தில் (ஒரு சூலகத்துக்குள் அடங்கி) இருந்த நோய் 1சி ஆகும். “பார்த்துக்கொண்டிருக்கலாம்” என்ற பிள்ளைக்குக் கீமோ தேவைப்படலாம். அழகுக்காக அடிவயிற்றில் குறுக்குக் கீறல் போட்டு 18 சென்ரிமீற்றர் கட்டியைப் பிதுக்கி எடுக்க முயல்வதுதான் உடைவதற்குப் பெரிய காரணம். நெடுக்குக் கீறல் தழும்பு விடும்தான். விடட்டும்.

வரிசை: வயிறு திறந்ததும் கட்டியைத் தொடும் முன் வயிற்று நீரை, இல்லாவிட்டால் சேலைன் கழுவலை, எடுத்து அனுப்புவது. பிறகு கட்டி. பிறகு மற்றச் சூலகம், ஈரல், உதரவிதானம், குடலின் முன்னால் தொங்கும் கொழுப்பு மடிப்பு, நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் கண்ணாலும் கையாலும் பார்ப்பது, சந்தேகமானதை மட்டும் எடுப்பது. நன்றாக இருக்கும் மற்றச் சூலகத்தை “எதற்கும் பார்ப்போம்” என்று வெட்டிப் பயொப்சி எடுக்கக் கூடாது. ஒட்டிக்கொண்டு பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும்.

முட்டைக்கலப் புற்று பரவியிருந்தாலும் மற்றச் சூலகமும் கருப்பையும் பெரும்பாலும் காப்பாற்றப்படலாம். கீமோவுக்கு அவ்வளவு நன்றாக இளகும். வளர்ந்த பெண்களின் சூலகப் புற்றுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அள்ளும் ஒப்பரேஷனை 16 வயதுப் பிள்ளைக்குச் செய்வது என் பார்வையில் மன்னிக்க முடியாத பிழை.

ஒரே விதிவிலக்கு: மாதவிடாயே வராத பிள்ளைக்கு டிஸ்ஜெர்மினோமா. குரோமோசோம் பாருங்கள். 46 எக்ஸ்.வை. (ஆண்களுக்குரிய அமைப்பு) என்று வந்தால் மற்றப் பக்கத்தில் இருப்பது சூலகமாக வளராத, வேலை செய்யாத தழும்பு போன்ற இனச்சுரப்பி, அதிலும் கட்டி வரும். அதையும் எடுக்க வேண்டும். கருப்பையை வைத்திருக்கலாம், தானமுட்டையால் கருத்தரிக்க வழி உண்டு.

ஆய்வுகூடம்2:
அதோடு மாதிரி அனுப்பும் முறை. திசுவுக்கு 10 வீத போர்மலின், திசுவின் பத்து மடங்கு கனவளவு. சின்னப் போத்தலில் திணித்து அனுப்பினால் நடு அழுகும், வகை சொல்ல முடியாது. கழுவல் நீருக்குப் போர்மலின் ஊற்றக் கூடாது. எந்தப் பக்கம் என்று எழுதாத போத்தல் வந்தால் திருப்பி அனுப்பப்படும். டெரட்டோமா (டெர்மொயிட் அதன் முதிர்ந்த வகை) என்றால் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு துண்டாவது வெட்டிப் பார்க்க வேண்டும், முதிராத நரம்புத் திசு ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். நோயியல் பிரிவு பெரிய கட்டியில் இரண்டு துண்டு மட்டும் பார்த்து “முதிர்ந்தது” என்று எழுதினால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க உரிமை இருக்கிறது.

மருந்துக்கலவை:
கீமோ வேண்டுமா என்பது வகையையும் கட்டத்தையும் பொறுத்தது. 1ஏ டிஸ்ஜெர்மினோமாவும், 1ஏ கட்டத்தில் தரம் 1 முதிராத டெரட்டோமாவும் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பிஈபி: பிளியோமைசின், எட்டோபொசைட், சிஸ்பிளாட்டின். 21 நாளுக்கு ஒன்று, மூன்று அல்லது நான்கு சுற்று. சிஸ்பிளாட்டின் வருவதற்கு முன் மஞ்சட்கருப் பைக் கட்டி வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இறந்தார்கள். இப்போது ஆரம்பக் கட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குணமாகிறது.

அளவு: சிஸ்பிளாட்டின் உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 20 மில்லிகிராம், எட்டோபொசைட் 100 மில்லிகிராம், இரண்டும் 1 முதல் 5ஆம் நாள் வரை. உடற்பரப்பு 1.4 என்றால் நாளுக்கு 28 உம் 140 உம். பிளியோமைசின் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 30 அலகு. சிறுவர் திட்டங்களில் இதைவிடக் குறைவு, சுற்றுக்கு ஒரு தடவை. வயது 16, 17 என்றால் எந்தத் திட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிழைக்கும் இடங்கள். சிஸ்பிளாட்டினை வெறும் டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது, குளோரைட் வேண்டும். முன்னும் பின்னும் சேலைன், அதில் மக்னீசியமும் பொட்டாசியமும். மூத்திரம் போகும் அளவை எழுதாமல் ஓடவிட்டால் சிறுநீரகம் போகும். காதில் இரைச்சல் என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் வேண்டாம், கேள்திறன் பரிசோதனை. எட்டோபொசைட் மில்லிலீற்றருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டினால் படியும். 140ஐ 500 மில்லிலீற்றரில் போட்டால் 0.28, சரி. அரை மணித்தியாலத்துக்குக் குறைவாக ஓட்டினால் அழுத்தம் விழும். பிளியோமைசின் நுரையீரலைத் தடிக்க வைக்கும். வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல் என்றால் அடுத்த அளவு போடுவதற்கு முன் சொல்ல வேண்டும். பின்னாளில் எந்த ஒப்பரேஷனுக்குப் போனாலும் “பிளியோமைசின் போட்டது” என்று மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக ஒட்சிசன் அந்த நுரையீரலுக்கு ஆகாது. டயக்னோசிஸ் கார்டில் சிவப்பால் எழுதி வையுங்கள்.

வெள்ளைக்கலம் குறைந்திருக்கிறது என்று அடுத்த சுற்றைத் தள்ளிப்போடும் பழக்கம் மற்றப் புற்றுக்களில் சரி. முட்டைக்கலப் புற்றில் நாள் தவறாமல் கொடுப்பதுதான் குணமாக்குகிறது. காய்ச்சல் இல்லாவிட்டால் பெரும்பாலும் தள்ளமாட்டார்கள்.

உப்புவெளி:
வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தால்?

மருந்துக்கலவை:
7 முதல் 14ஆம் நாள் வரை அபாயம் கூடுதல். 38 பாகை நின்றால் பனடோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் என்று இரவு பஸ்ஸுக்கு நிற்பதும் பிழை, அது திருகோணமலையிலிருந்து 260 கிலோமீற்றருக்கு மேல். கிட்டிய வைத்தியசாலையில் கார்டைக் காட்டி, “கீமோ போட்ட பிள்ளை, காய்ச்சல்” என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற வேண்டும். வீட்டில் வெப்பமானி இல்லாமல் முதல் சுற்று முடிந்து அனுப்பக் கூடாது.

கொட்டியாரக்குடா:
அபேக்ஷா ஒன்றுதான் வழியா?

ஏழாம்_வாட்டு:
இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கு. எங்க அனுப்புறது எண்டதை வீ.ஓ.ஜி.யும் புற்றுநோய் வைத்தியரும் பேசித் தீர்மானிப்பினம். சிறுவர் பிரிவா வளர்ந்தோர் பிரிவா எண்டதும் அப்பதான் முடிவாகும். மகரகமவுக்கெண்டால் இரவு ரயிலில கோட்டைக்குப் போய், அங்கயிருந்து 138 பஸ். கையில கொண்டுபோக வேண்டியது: ஸ்கான் படமும் றிப்போட்டும், ஒப்பரேஷனுக்கு முந்திய இரத்த எண்கள் திகதியோட, ஒப்பரேஷன் குறிப்பின் பிரதி (கட்டி உடைஞ்சதா எண்டு அதில எழுதியிருக்க வேணும்), ஹிஸ்டோலொஜி (திசுப் பரிசோதனை) றிப்போட், திசு பதிச்ச மெழுகுக் கட்டையும் ஸ்லைடும். கடைசியை மறந்திட்டுப் போனால் இன்னொரு பயணம்.

ஸ்கான்_அறை:
அரிதான இரண்டைச் சேர்த்துவிடுகிறேன். திடீரென்று புத்தி மாறாட்டம், வலிப்பு, வாய் முறுகிக் கோணும் அசைவு வந்த இளம்பெண்ணுக்குப் பேய் என்று மந்திரிக்கப் போவதும், மனநோய் என்று மட்டும் எழுதுவதும் நடக்கும். டெரட்டோமாவில் உள்ள நரம்புத் திசுவுக்கு எதிராக உருவாகும் நோயெதிர்ப்பு மூளையைத் தாக்குவது 2007இல் விவரிக்கப்பட்டது. சூலக ஸ்கான் கேளுங்கள், கட்டியை எடுத்து நோயெதிர்ப்பைத் தணிக்கும் சிகிச்சையும் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறுவார்கள். மற்றது, வளர்ச்சி குன்றி, சோர்ந்து, இரு சூலகமும் பல நீர்க்கட்டியோடு பெருத்திருக்கும் சிறுமி. டி.எஸ்.எச். (தைரொயிட் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் ஒப்பரேஷன் மேசையில் ஏற்றாதீர்கள். தைரொயிட் குறைபாடென்றால் தைரொக்சின் குளிசையிலேயே சூலகம் சுருங்கும்.

கிண்ணியா_வாசகன்:
ஒரு சூலகம் போனால் கலியாணத்துக்குத் தடையா? எல்லாரும் கடைசியாக் கேக்கிறது இதத்தான்.

கத்தியும்_நூலும்:
ஒன்று போதும். மாதவிடாய் வரும், பிள்ளை பிறக்கும். பிஈபிக்குப் பிறகும் பெரும்பாலானோருக்கு மாதவிடாய் சில மாதங்களில் திரும்பும். சிகிச்சை நடக்கும்போதும் முடிந்து ஓராண்டளவுக்கும் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். அதற்குக் காரணம், மறுபடி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், அந்நேரம் எச்.சி.ஜி. கர்ப்பத்தாலா கட்டியாலா ஏறுகிறது என்று குழம்பும்.

கிண்ணியா_வாசகன்:
இரத்தம் எத்தன நாளைக்குப் பார்க்கணும்?

ஆய்வுகூடம்2:
முதல் ஆண்டு மாதம் ஒருமுறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூடும். ஏ.எப்.பி. 5 முதல் 7 நாளில் பாதியாகும். 10,000 இல் தொடங்கினால் 10க்குக் கீழே வர 50 முதல் 70 நாள் ஆகும். ஒப்பரேஷன் முடிந்து இரண்டு கிழமையில் 2,000 இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை, ஆனால் குறைவது நின்றால் காரணம் தேட வேண்டும். எண் சரியாகி, ஆனால் ஸ்கானில் கட்டி வளர்ந்தால் அது முதிர்ந்த டெரட்டோமாவாக இருக்கலாம். அதற்குக் கீமோ வேலை செய்யாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரே ஆய்வுகூடத்தில் தொடர்ந்து எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.